டெக்குக்குப் பதிலாக என்ன வாங்கலாம்?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பல வீட்டுப் பரணில் வீடியோ கேசட் ஓட்டும் டெக் (வி.சி.ஆர்.) இன்னும் இருக்கிறது. கூடவே கல்யாண கேசட், எருது விடும் விழா, விடிய விடிய நடந்த பாரதக் கூத்து. புது டெக் இனிக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் எதை வைப்பது?

டெக் இரண்டு வேலை செய்தது: டிவியில் வருவதைப் பதிவு செய்தது, பழைய கேசட்டை ஓட்டியது. இன்று கிடைக்கும் எதுவும் இரண்டையும் சேர்த்து நன்றாகச் செய்வதில்லை. கடையில் வெறுமனே 'டி.வி.ஆர்.' (டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர்) என்று கேட்டால் கண்காணிப்பு கேமராவுக்கான பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். அது நமக்கு உதவாது.

முதலில் டிடிஎச் ரெக்கார்டிங் பாக்ஸ். டாடா ஸ்கை பிளஸ் 2008இல் கொண்டுவந்த வகை இது. வசதியில் இதை மிஞ்ச வேறில்லை. சீரியலை ஒருமுறை குறித்துவிட்டால் தினமும் தானே பதிவாகும், ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். இரண்டு டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். ஆனால் பதிந்தது அந்தப் பெட்டிக்குள் பூட்டியே கிடக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டாலும் திறக்காது. பெட்டி பழுதானால் எல்லாம் போச்சு. பார்த்துவிட்டு அழிக்கிற சீரியலுக்கு இது போதும். பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டியதை இதில் வைக்காதீர்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் வீடுகளுக்கு யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள பாக்ஸ் போதும். மாதச் சந்தா இல்லை. டிடி தமிழ் பார்ப்பவர்களுக்கும், ஓசூர் பக்கம் டிடி சந்தனா பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். பென்டிரைவில் பதிந்ததைப் பல பாக்ஸ்களில் கம்ப்யூட்டரிலும் திறக்க முடிகிறது, சிலவற்றில் முடிவதில்லை. அதனால் கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து, லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரும்பாலும் ஒரே டியூனர்தான் இருக்கும்; பதிவாகும்போது வேறு சேனலுக்குப் போக முடியாது. கரண்ட் போனால் பதிவும் அறுந்துவிடும், இன்வெர்ட்டர் லைனில் வைப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்குடன் வந்த டிவிடி ரெக்கார்டர் இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம். டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைச் சொருகினால் கம்ப்யூட்டர் இல்லாமலே கேசட் பதிவாகிவிடும். பெரியவர்களுக்கு இதுதான் எளிது. குறைகளும் உண்டு. அதன் டியூனர் பழைய அனலாக் ஒளிபரப்புக்கானது. செட்டாப் பாக்ஸிலிருந்து பதிய வேண்டுமானால் பாக்ஸை அந்தச் சேனலிலேயே விட்டுவைக்க வேண்டும். 4.7 ஜி.பி. டிஸ்கில் நல்ல தரத்தில் 2 மணி நேரம்தான்; 4 மணி நேரம் திணித்தால் படம் மங்கும். கடைசியில் 'ஃபைனலைஸ்' (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்கை முடித்துவைப்பது) செய்யாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாமல் போகலாம்.

நான் முதலில் வாங்கச் சொல்வது யூஎஸ்பி கேப்சர் கருவியை. டெக்கில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிய உதவும் சிறு கருவி இது. விலை குறைவு, பதிந்தது முழுக்க உங்கள் ஃபைல். ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, சென்னையில் இருக்கும் தம்பியிடம் ஒன்று என்று எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பதியும்போது படத்தின் அளவை 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று அமைத்தால் சரி. வீட்டு வீடியோ கேசட்டான விஎச்எஸ் படத்தில் அதற்கு மேல் விவரம் கிடையாது, எச்டி என்று வைத்தால் இடம்தான் வீண். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்டிப் பதிய வழியில்லை. கூத்து மாதிரி மூன்று நான்கு கேசட்டில் இருப்பதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஏன் இது முதலில்? டிவி நிகழ்ச்சி இன்று தவறினால் நாளை எங்காவது கிடைக்கும். அப்பா நடந்துவரும் அந்த ஒரு காட்சி உங்கள் வீட்டுக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் வருஷத்துக்கு வருஷம் மங்குகிறது. டிவிக்கான பாக்ஸை அப்புறம் நிதானமாகப் பார்த்து வாங்கலாம்.

எதை வாங்கினாலும் டெக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். கேசட்டைப் படிக்க அது ஒன்றுதான் வழி. பதிய ஆரம்பிக்குமுன் மெக்கானிக்கிடம் ஹெட்டை (டேப்பைப் படிக்கும் பகுதி) சுத்தம் செய்துகொள்ளுங்கள். டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும்.