ஸ்வீட் ஹோம் 3டி: அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி ஒரு மாசம் யூஸ் பண்ணிப் பாத்த அனுபவம்

புது வீடு கட்டப் போறோம். வீட்ல ஆறு பேர், அம்மா வாக்கர் வச்சு நடக்கறவங்க, தம்பி பையனுக்கு நாலு வயசு. பிளான் கைக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, எல்லாரும் பேப்பரப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லியாச்சு, ஆனா எனக்கு மட்டும் அந்தக் கோட்டுக்குள்ள நாங்க எப்படி இருக்கப் போறோம்னு கண்ணுக்குத் தெரியவே இல்ல, அதான் ஒரு தடவை நாமளே வரைஞ்சு பாத்துடலாம்னு இந்த சாஃப்ட்வேர டவுன்லோட் பண்ணேன். பண்ணது எவ்ளோ நல்லதாப் போச்சுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், வீடு கட்டப் போறவங்க பொறுமையா படிங்க.

முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். ஸ்வீட் ஹோம் 3டிங்கறது எம்மானுவேல் பூய்பாரேங்கற பிரெஞ்சு டெவலப்பர் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், அவங்க சைட்லேர்ந்து இலவசமாவே இறக்கிக்கலாம், பிரவுசர்லயே வரையற மாதிரியும் ஒண்ணு இருக்கு. ஸ்க்ரீன் நாலா பிரிஞ்சிருக்கும், இடது பக்கம் மேல ஃபர்னிச்சர், கீழ நாம வச்ச சாமானோட லிஸ்ட், வலது பக்கம் மேல பிளான், கீழ அதே பிளான் 3டில. மேல ஒரு சுவர் இழுத்தா கீழ உடனே சுவர் எழும்பி நிக்கும். இது ஒண்ணுக்காகவே வீட்ல இருக்கற எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வைக்கலாம், பேப்பர் பிளான் புரியாதவங்களுக்குக் கூட இது புரியும்.

ஏற்கனவே பிளான் கைல இருக்கறவங்க முதல்லேர்ந்து வரைய வேண்டியதில்ல. பேப்பர ஸ்கேன் பண்ணி பேக்ரவுண்ட் இமேஜா உள்ள கொண்டு வந்து, அளவு தெரிஞ்ச ஏதாவது ஒரு கோட்டுக்கு மேல கோடு இழுத்து இது இவ்ளோ நீளம்னு சொல்லிட்டா ஸ்கேல் செட் ஆயிடும், அப்புறம் அதுக்கு மேலயே சுவர் இழுத்துட்டுப் போகலாம். சுவர் இழுக்கும்போது என்டர் தட்டினா நீளத்த டைப் பண்ணலாம், மவுஸால துல்லியமா நிறுத்தணும்னு போராட வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, சென்டிமீட்டர்ல வரையும்போது அதுல முதல்லயே செட் ஆகியிருக்கற சுவர் தடிமன் வெறும் 7.5 சென்டிமீட்டர் தான், அப்படியே வரைஞ்சா ரூம் எல்லாம் பெருசாத் தெரியும். நாங்க கட்டப் போறது 9 இன்ச் சுவர், அதை மாத்தினதும்தான் நிஜம் தெரிய ஆரம்பிச்சது.

இப்போ அந்த பெட்ரூம் கதைக்கு வரேன். பிளான்ல 10க்கு 12ன்னு போட்டிருந்தது. 12 அடி சுவர்ல தலைமாடு வச்சு கட்டில், எதிர் சுவர்ல வார்ட்ரோப், நடுவுல தாராளமா நடக்கற இடம், பாக்க அழகா இருந்தது. நான் எங்க கட்டில டேப் வச்சு அளந்து, 6 அடி அகலம் 6.5 அடி நீளம், வார்ட்ரோப் ஆழம் 2 அடி, அப்படியே சாஃப்ட்வேர்ல டைப் பண்ணி வச்சேன் (எந்த ஃபர்னிச்சரையும் டபுள் கிளிக் பண்ணா அகலம், ஆழம், உயரம் எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம்). வச்சுப் பாத்தா நடுவுல 9 இன்ச் தான் இருக்கு! ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு மூணு தடவை அழிச்சு அழிச்சு வச்சேன், அப்புறம்தான் பிடிபட்டது. பிளான் போட்டுக் குடுத்தவர் கட்டில 6 அடி நீளம்னும் வார்ட்ரோப்ப ஒன்றரை அடின்னும் சின்னதா வரைஞ்சிருந்தார், அதனால பேப்பர்ல நடுவுல 2.5 அடி தெரிஞ்சது. அது போக அந்த 10 அடிங்கறது சுவரோட நடுவுலேர்ந்து எதிர் சுவரோட நடுவுக்கு. 9 இன்ச் சுவர்னா ரெண்டு பக்கமும் பாதி பாதி போக உள்ள மிஞ்சறது 9 அடி 3 இன்ச், பூச்சு வேற தனி. வார்ட்ரோப் கதவையே திறக்க முடியாத ரூமுக்கு நாங்க எல்லாரும் ஓகே சொல்லியிருந்தோம், நெனச்சாலே பகீர்ங்குது.

இந்த சாஃப்ட்வேர்லயும் சுவர் நீளம்னு காட்டறது நடுக்கோட்டோட நீளம்தான், அதனால சுவர் அளவ நம்பி ரூம் அளவ முடிவு பண்ணாதீங்க. சுவர் நாலும் மூடினதுக்கப்புறம் ரூம் டூல எடுத்து உள்ள டபுள் கிளிக் பண்ணா உள் அளவுக்கு மட்டும் தரை வந்து ஏரியாவும் காட்டும், அதத்தான் பாக்கணும்.

எனக்கு ரொம்ப உதவுனது இன்னொண்ணு, வர்ச்சுவல் விசிட்டர்னு ஒரு ஆள் பொம்மை பிளான்ல நிக்கும், அத நகத்தினா வீட்டுக்குள்ள நாம நடக்கற மாதிரி 3டி தெரியும். அந்த ஆளோட கண் மட்டத்த மாத்தலாம். அம்மா கட்டில்ல உக்காந்திருக்கும்போது தரைலேர்ந்து கண் வரைக்கும் அளந்தேன், 45 இன்ச். அந்த உயரத்துல வச்சு ஜன்னல் பக்கம் திருப்பினா வெறும் சுவரும் அதுக்கு மேல துளி வானமும்தான், ஏன்னா ஜன்னலோட அடிமட்டம் 4 அடில இருந்தது. நாளெல்லாம் அந்த ரூம்ல இருக்கப் போறவங்க அம்மா. 2.5 அடிக்கு இறக்கிட்டு மறுபடி காட்டினேன், "இப்போ வாசல்ல யார் வர்றாங்கன்னு தெரியும்ல"ன்னு கேட்டாங்க. தெரியும்மா, நல்லா தெரியும்.

அப்புறம் அம்மாவே "ராத்திரி பாத்ரூம் போகணும்னா நான் எப்படிடா போவேன், காட்டு"ன்னாங்க. கட்டில்லேர்ந்து அந்த ஆள நடத்திக்கிட்டே போனேன், ரூம் கதவு, ஹால், டைனிங் டேபிள சுத்தி, அப்புறம் பாத்ரூம். போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா பேச்சே இல்லாம உக்காந்துட்டாங்க. பாத்ரூம் கதவு 2.5 அடி, நிலை ரெண்டு பக்கமும் எடுத்துக்கற இடம் போக 25 இன்ச், கதவப் பலகை தடிமனும் கழிச்சா வாக்கர் நுழையறதே கஷ்டம், வாக்கர் அகலமே 24 இன்ச். அன்னைக்கு ராத்திரியே பாத்ரூம அம்மா ரூமுக்கு ஒட்டினாப்புல மாத்தி, கதவ 3 அடி ஆக்கி, வெளிப்பக்கம் திறக்கற மாதிரி வச்சேன். உள்ள யாராவது விழுந்துட்டா உள்பக்கம் திறக்கற கதவ ஆளே அடைச்சுக்கும், வெளில நிக்கறவங்களால தள்ள முடியாது, வயசானவங்க இருக்கற வீட்ல இத தயவு செஞ்சு யோசிங்க.

ஸ்க்ரீன்ல பாத்தது போதாதுன்னு மொட்டை மாடில சாக்பீஸ்ல அந்த ரூமயும் பாத்ரூமயும் முழு அளவுல வரைஞ்சு அம்மாவ வாக்கரோட நடக்க வச்சோம், அதுல திரும்பற இடம் இன்னும் அரை அடி வேணும்னு தெரிஞ்சது. சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்களும் இத செய்ங்க.

திசைகாட்டி ஒண்ணு இருக்கு, வடக்கு எந்தப் பக்கம், இடம் எதுன்னு குடுத்துட்டா அந்த 3டி வீட்ட சாஃப்ட்வேர்லயே போட்டோவா எடுக்கும்போது தேதியும் நேரமும் மாத்தி மாத்தி வெயில் எந்த ரூம்ல விழுதுன்னு பாக்கலாம். சாயங்கால வெயில் பிள்ளைங்க ரூம்ல நேரா அடிக்கும்னு இதுலதான் தெரிஞ்சது. குவாலிட்டிய கூட்டினா ஒரு போட்டோவுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், வெயில் பாக்க நாலு லெவல்ல மூணாவதே போதும், அதுக்குக் கீழ இருக்கற ரெண்டுல தேதி, நேரம் மாத்த முடியாது.

இனி இது செய்யாதது. படிக்கட்டு இதுல இன்னொரு ஃபர்னிச்சர் மாதிரிதான், 10 அடிக்குள்ள சுருக்கி வச்சாலும் ஒண்ணும் சொல்லாது. கணக்கு நாமதான் போடணும். மாடிக்கு 10 அடி ஏறணும், ஒரு படி உயரம் 6 இன்ச்னா 20 ஏத்தம், நடுவுல 19 மிதி (கால் வைக்கற இடம்), ஒரு மிதி 10 இன்ச்னா 190 இன்ச், நேரா போனா கிட்டத்தட்ட 16 அடி. எங்க பிளான்ல இருந்த இடம் பத்தவே இல்ல, நடுவுல திரும்பற மாதிரி மாத்தினோம். தூண் எங்க வரணும், பீம் தாங்குமா, மாடி பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு மேலயே வருதா, பைப் எப்படி இறங்கும், இதெல்லாம் இதுக்குத் தெரியாது. இதுல வரைஞ்சத வச்சு நேரா கட்ட ஆரம்பிச்சுடாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்தே ஆகணும். பழைய லேப்டாப்னா சாமான் நிறைய சேர சேர 3டி திணறும், அப்போ அந்தப் பகுதிய மூடி வச்சுட்டு பிளான்ல மட்டும் வேலை பாருங்க.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், அந்த அரைய குறைச்சது படிக்கட்டு விஷயத்துக்காக. ஒவ்வொரு மாத்தத்தையும் புதுப் பேர்ல சேவ் பண்ணுங்க, எங்க கிட்ட இப்போ 23 ஃபைல் இருக்கு, நாலாவதுல இருந்த சமையலறைதான் கடைசில எல்லாருக்கும் பிடிச்சது. மாத்தின பிளான இன்ஜினியர் கிட்ட குடுத்தாச்சு, ரெண்டு தூண் நகரும்னு சொல்லியிருக்கார், அது வந்ததும் அம்மா ரூம்ல மறுபடி ஒரு தடவை நடந்து பாக்கணும்.