மூழ்கிய சிறு கப்பல்: வெளியே சுற்றுவதா, உள்ளே நுழைவதா?

வெப்பமண்டலக் கடலில் மூழ்கிக் கிடக்கும் சிறு கப்பலைக் காண ஸ்கூபா கருவிகளுடன் (நீருக்கடியில் மூச்சுவிட உதவும் காற்றுக்கலன் முதலியவை) இறங்குவோர், அதை வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பதா, உள்ளறைகளுக்குள் நுழைவதா என்று தயங்குவதுண்டு.

பயிற்சி: வெளியே, கப்பல் 18 மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் தொடக்கநிலைச் சான்றிதழ் போதும். உள்ளே செல்லத் தனிப் பயிற்சி தேவை.

கருவி: வெளியே, ஆழத்தில் மங்கும் சிவப்பு நிறத்தைக் காண ஒரு விளக்கு உதவும். உள்ளே, ஆளுக்கு இரண்டு விளக்குகளும் வழிகாட்டும் கயிற்றுச் சுருளும் வேண்டும்; செலவு கூடும்.

காற்று: வெளியே, இடர் நேர்ந்தால் நேராக மேலெழலாம். உள்ளே, தலைக்கு மேல் இரும்புத் தளம் இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப வேண்டும் என்பது விதி. அதாவது கலனில் 200 பார் (அழுத்த அலகு) காற்றழுத்தத்துடன் நுழைபவர் ஏறத்தாழ 133 பாரில் திரும்பியாக வேண்டும்.

சிறு கப்பல் என்பதால் ஆபத்தும் சிறிது என்று எண்ணுவது தவறு. குறுகிய அறையில் துடுப்புக் காலணியின் ஒரே உதைப்பு, அடியில் படிந்த வண்டலைக் கிளப்பி நொடிகளில் பார்வையை மறைத்துவிடும். வெளிவிடும் மூச்சுக் குமிழிகளோ கூரையின் துருவை உதிர்க்கும். இத்தனைக்குப் பிறகும் உள்ளே காணக் கிடைப்பது பெரும்பாலும் துருவும் சேறும்தான். பவளம், கடற்பஞ்சு, மீன்கூட்டம் ஆகியவை வெளிப்புறத்தில்தான் செழிக்கின்றன.

ஆகவே, உயிரினங்களைக் காணவோ படமெடுக்கவோ விரும்புவோருக்கு வெளிச்சுற்றே ஏற்றது. கப்பலின் கட்டமைப்பில் ஆர்வமும், மிதப்புக் கட்டுப்பாட்டில் (மூழ்காமலும் மேலெழாமலும் நீரில் நிலைத்திருப்பதில்) தேர்ச்சியும், உரிய பயிற்சியும் உள்ளவர்கள் மட்டும் உள்ளே செல்லலாம். அவர்களும் வாயிலின் பகல்வெளிச்சம் கண்ணில் படும் தொலைவைத் தாண்டாதிருப்பது நல்லது.