ஆர்கன் பெடல் வாங்கப் போய் 46,000 ரூபாய் போச்சு. கோயில் கீபோர்டுக்காரங்க கவனம்!

கை நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்குங்க. போன சனிக்கிழமைதான் ராமநாதபுரம் பார்சல் ஆபீஸ்ல இருந்து பெட்டியை ஏத்திக்கிட்டு பாம்பன் பாலம் தாண்டி தங்கச்சிமடம் வந்தேன். 46,000 ரூபாய். சீட்டு எடுத்த காசு. மீன்பிடித் தடைக்காலம் வேற, 61 நாளும் தம்பியோட படகு கரையிலதான்.

தெரியாதவங்களுக்கு: ஐரோப்பாவுல பழைய கிறிஸ்தவக் கோயில்கள்ல இருக்கிற குழாய் ஆர்கனை ஒவ்வொரு குழாயா ஒலிப்பதிவு பண்ணி கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருக்காங்க. அதைத்தான் சாம்பிள் செட்னு சொல்றது. மிடி (கம்ப்யூட்டரோட இணைக்கிற வசதி) இருக்கிற கீபோர்டை அமுக்கினா அந்தக் கோயில் எதிரொலியோட கேக்கும். நம்ம ஊருக்கு நிஜக் குழாய் ஆர்கன் எங்க வரப்போகுது, வந்தாலும் உப்புக்காத்து விட்டு வைக்குமா? ஜெர்மன் இசைமேதை பாக் பேர்ல வழங்குற எட்டு சின்னப் பிரிலூடு-ஃபியூக்னு ஆர்கன் இசை இருக்கே (அவர் எழுதினதுதானான்னே சந்தேகம்னு சொல்வாங்க), அதுல கை பாகம் எனக்கு ஓரளவு வந்துருச்சு. காலால அமுக்கி வாசிக்கிற பாகத்துக்குத்தான் பெடல் கட்டை தேடினேன்.

பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல விளம்பரம். 30 கட்டை பெடல், மிடி உண்டு, ஒரிஜினல் லைசென்ஸோட சாம்பிள் செட்டும் உண்டு. வீடியோ கால்ல வந்தான். வெறும் சாக்ஸோட உக்காந்து சி மேஜர் பிரிலூடை வாசிச்சான். நுனிக்கால், குதிகால்னு மாறி மாறிப் போகுது, குனிஞ்சுகூடப் பாக்கல. "நானும் கோயில்ல வாசிக்கிறவன்தாண்ணே, உங்களை ஏமாத்துவேனா?" அந்த 'அண்ணே'ல விழுந்தேன். வீட்டுல "பாதி போடுங்க"ன்னாங்க. கேக்கல.

பெட்டியைப் பிரிச்சா 13 கட்டை! சின்ன வீட்டு ஆர்கன்ல இருந்து கழட்டினது. ஒரே ஆக்டேவ். நான் ரெண்டு தடவை எண்ணினேன், மக மூணாவது தடவை எண்ணினா. மிடி சாக்கெட் இருக்க வேண்டிய இடத்துல துருப்பிடிச்ச ரெண்டு ஒயர். சாம்பிள் செட்னு கூட அனுப்பின ஹார்டு டிஸ்க்கைப் போட்டா லைசென்ஸ் இல்லைன்னு திறக்கவே மாட்டேங்குது.

வித்தவன்கிட்ட கேட்டா, முதல்ல "பார்சல்காரன் மாத்தியிருப்பான்"ன்னான். அடுத்து, "வாசிக்கத் தெரிஞ்சவருக்கு 13 போதும்ணே". (இதுதான் காசைவிட எரியுது.) அப்புறம் தங்கச்சி கல்யாணம். இன்னைக்குக் காலையில பிளாக். ஆப்காரங்க "விக்கிறவர்கிட்ட பேசிக்குங்க"ன்னு அதே வரியை மூணு தடவை அனுப்பிட்டாங்க. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன். 46,000 ரூபாய்ங்க!

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. நேர்ல போய் கட்டையை எண்ணுங்க. பல சாம்பிள் செட் லைசென்ஸை அடுத்தவர் பேருக்கு மாத்தவே முடியாது, பழசுல வாங்காதீங்க. சாம்பிள் செட்டை வாசிக்க வைக்கிற கிராண்ட்ஆர்க் (GrandOrgue) சாஃப்ட்வேர் இலவசம், அதுக்கு இலவச செட்டும் கிடைக்குது. முழுப் பணம் முன்னாடியே போடவே போடாதீங்க.

விளம்பரம் இப்பவும் ஆப்ல இருக்கு. அதே படம், அதே 30 கட்டை. விலை 42,000.