புள்ளியைத் தின்னும் மென்பொருள்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கத்து ஊரில் ஆவண எழுத்தராக இருக்கும் நண்பர், சிறு சுருக்கம் ஒன்றை அடித்தால் முழு வாசகத்தையும் இட்டுத்தரும், என் கணினியில் உள்ள சுருக்க மென்பொருளைத் தானும் நிறுவிக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கிரயமோ தானமோ விடுதலையோ, பத்திரத்தில் பாதி வாசகம் மாறாதது. "பின்னிட்டு யாதொரு வில்லங்கமும் தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுக்கிறேன்" என்பதை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ. முன்பெல்லாம் பழைய பத்திரத்தைத் திறந்து வெட்டி ஒட்டுவோம். பழைய ஆளின் தகப்பனார் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயம் இந்த மென்பொருளால் தீர்ந்தது. வாசகம் சுத்தமாக வருகிறது. பெயர் நிரப்ப வேண்டிய இடத்தில் கர்சரும் தானே போய் நிற்கிறது.

ஆனால் அது தமிழை எண்ணும் விதம் இருக்கிறதே! சுருக்கத்தை அழித்துவிட்டுத்தான் வாசகத்தை இடவேண்டும். அழிப்பதற்கு, நான் அழுத்திய விசைகளை எண்ணி அத்தனை முறை பின்னழிப்பு விசையை அனுப்புகிறது. நான் ஒலிமுறையில், அதாவது ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழை அடிப்பவன். சுருக்கத்தின் அடையாளமாக முன்னே இடும் அரைப்புள்ளியோடு (;) "கர" என்று அடிக்க ; k a r a என ஐந்து விசைகள். திரையில் நிற்பவையோ அரைப்புள்ளி, க, ர என மூன்றே குறியீடுகள். மீதி இரண்டு அழிப்பும் முன்னால் உள்ள இடைவெளியையும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் தனிக் குறியீடாக உள்ள புள்ளியையும் தின்றுவிடும். "முருகன்" என்பவர் "முருகன" ஆகி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வார். ஒருமுறை ஒட்டியதைக் கண்ட உதவியாளர் இடைவெளியை மட்டும் போட்டுவிட்டார். புள்ளி போனது முத்திரைத்தாளில் அச்சான பிறகுதான் தெரிந்தது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்கு மாறினாலும் முழு விமோசனம் இல்லை: அதில் ககரத்தை இருமுறை அழுத்தினால் ஒற்று தானே வந்து மூன்று குறியீடாகிவிடும், அழித்த பிறகும் ஓர் எழுத்து மிச்சம் நிற்கும்.

இறுதியில் சுருக்கங்களையெல்லாம் எண்களாக மாற்றினேன். எண்ணுக்கு எந்த விசைப்பலகையிலும் ஒரே விசை, ஒரே குறியீடு. அதிலும் 1 என்று ஒன்றை வைத்தால் 14ஐ அடிக்கும் முன்பே அது பாய்ந்து வந்துவிடுவதால், 01 முதல் 62 வரை இரண்டிலக்கமாக வைத்து, நாட்காட்டி அட்டையின் பின்புறம் எழுதி மேசைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். நேரத்தை மிச்சப்படுத்த வாங்கிய பொருளுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, போன மாதம் கணினி பழுதாகி உதவியாளரின் கணினியில் வேலை செய்தபோது, அரைப்புள்ளி, 1, 4 என்று அடித்துவிட்டு நான்கெல்லை வாசகம் வருமென்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவரும் ஒலிமுறைக்காரர், அடித்ததைத் திரும்பப் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.