காசு கொடுத்து விண்டோஸ் பென்ட்ரைவ் வாங்கப் போகிறீர்களா?

திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 4,500 ரூபா கொடுத்து விண்டோஸ் ஏற்றும் பென்ட்ரைவ் ஒன்று வாங்கினேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்குள் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உவர்மலையில் அக்காவின் மகள் ஏ.எல். படிக்கிறாள். அவளுடைய லப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதால் புது எஸ்எஸ்டி போட்டோம். விண்டோஸ் ஏற்ற வேண்டும், என்னிடம் இருப்பதோ உபுண்டு என்ற லினக்ஸ் மட்டும். மைக்ரோசொஃப்ட் தளத்தில், நிறுவலுக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இலவசமாகவே இறக்கினேன். வழக்கம்போல, கோப்பை உள்ளபடியே எழுதும் லினக்ஸின் டிடி கட்டளையால் பென்ட்ரைவில் எழுதினேன். லப்டொப் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் அப்படியே எழுதினாலும் பூட் ஆகும்படி செய்யப்பட்டவை, விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படியில்லை. அன்றைக்கு அது தெரியாமல், பொறுமையும் இல்லாமல் கடைக்குப் போனது என் பிழை.

"அண்ணை, இதுக்கு 11 ஏறாது, 10 தான் சரி. ஒரிஜினல். 64 ஜீபி பென்ட்ரைவோட தாறம்" என்றார் கடைத் தம்பி. பில் கேட்டேன், பில் புத்தகம் முடிந்துவிட்டதாம். உண்மையில் அந்த லப்டொப்பில் இருப்பது 8ஆம் தலைமுறை இன்டெல் புரொசசர், விண்டோஸ் 11 தாராளமாக ஏறும். 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

சரி, ஏற்றினோம். ஏறியது. இரண்டு நாள் கழித்து மருமகள் போன் எடுத்தாள்: "மாமா, வைரஸ் பாதுகாப்பை உங்கட நிறுவனம் நிர்வகிக்குது எண்டு காட்டுது." ஏ.எல். பிள்ளைக்கு ஏது நிறுவனம்? போய்ப் பார்த்தால், ஹோம் பதிப்போடு வந்த லப்டொப்பில் நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பு உட்கார்ந்திருக்கிறது.

பென்ட்ரைவை உபுண்டுவில் செருகித் திறந்தேன். டொலர் குறிகளோடு ஓஇஎம் என்று ஒரு ஃபோல்டர், நான் இறக்கிய ஐஎஸ்ஓவில் இல்லாதது. அதன் அடியில் ஏழெட்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட். முதல் வரிகள் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை நிறுத்துகின்றன. அடுத்தது சி டிரைவ் முழுவதையும் வைரஸ் சோதனையிலிருந்து விலக்குகிறது. கடைசி வரி, உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோலக் காட்டும் திருட்டு அக்டிவேட்டர் ஒன்றை ஓட்டுகிறது. நிறுவல் முடிகிற நேரத்தில், யாரும் லொகின் செய்வதற்கு முன்பே, முழு அதிகாரத்தோடு இது ஓடிவிடும். அந்த அக்டிவேட்டர் வேறென்ன செய்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு நாளில் அவள் உள்நுழைந்த எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தேன்.

இத்தனைக்கும் அந்த லப்டொப்புக்கான விண்டோஸ் உரிமச் சாவி அதன் மதர்போர்டிலேயே இருந்தது. காசு கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

அப்புறம் லினக்ஸிலிருந்தே சரியான வழியைத் தேடினேன். ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதை ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென்ட்ரைவில் கையால் கொப்பி பண்ணலாம் என்றால், இன்ஸ்டோல் விம் என்ற கோப்பு 4 ஜீபியைத் தாண்டுகிறது, ஃபேட்32 அதை ஏற்காது. விம்லிப் என்ற நிரலைக் கொண்டு அதைத் துண்டாக்கலாம். எனக்குச் சுகமாக இருந்தது வென்டோய் என்ற நிரல். பென்ட்ரைவில் அதை ஒருமுறை நிறுவினால் போதும், பிறகு ஐஎஸ்ஓவை அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான். அறிந்த மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் இருந்தால், முதல் தடவை வென்டோயின் சாவி ஒன்றைப் பதியச் சொல்லும், அவ்வளவுதான். இறக்கிய ஐஎஸ்ஓ மாறாமல் வந்திருக்கிறதா என்று அறிய, எஸ்எச்ஏ256சம் கட்டளை தரும் எண்ணை மைக்ரோசொஃப்ட் தரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடையில் வாங்கிய பென்ட்ரைவையே இதற்குப் பாவிப்போம் என்று, பென்ட்ரைவின் உண்மையான கொள்ளளவைக் காட்டும் எஃப்3 நிரலால் சோதித்தேன். 64 என்று அச்சடித்திருந்தது, உள்ளே இருந்தது 8 ஜீபிகூட இல்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். "எல்லாரும் பாவிக்கிறதுதான் அண்ணை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல" என்றார். பில் இல்லாததால் அதற்கு மேல் கதைக்க முடியவில்லை. வேறொரு கடையில் பில்லோடு பென்ட்ரைவ் வாங்கி, எஸ்எஸ்டியை முழுவதும் அழித்து 11 ஹோம் ஏற்றினேன். இணையத்தில் இணைந்ததும் தானாகவே அக்டிவேட் ஆனது. 4,500 ரூபா பென்ட்ரைவ் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.