பிரேக் சத்தம் என்று போனேன், அரை மாதச் சம்பளம் போய்விட்டது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அந்த ஒர்க்‌ஷாப்காரர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அப்பா ஓட்டிய கார், 14 வயது. ஓடியது ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வயதுக்கேற்ற முனகல் இருக்கும், அதற்கெல்லாம் நான் பயப்படுவதில்லை. ஆனால் இரண்டு மாதமாக ஒரு புதுச் சத்தம். 40 வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து "ஊம்ம்ம்" என்று தேனீக் கூடு மாதிரி ஆரம்பிக்கும், 60, 80 என்று ஏற ஏற அதுவும் ஏறும். பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் மாற்றமில்லை. போன வாரம் ஜல்லி கொட்டிய ஒரு பாதையில் போய் வந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் "ஸ்ர்ங்... ஸ்ர்ங்..." என்று தகரம் உரசுகிற மாதிரி. இது மட்டும் பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் மாறும்.

எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின், சீருடை, கையில் டேப்லெட், அந்த வகை. பெயர் எழுதவில்லை. எழுதினால் பதிவை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வரும், அதற்கும் செலவழிக்க என்னிடம் காசில்லை. காசு எங்கே போனது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

வாசலிலேயே வந்து அழைத்துப் போனார் அந்த சர்வீஸ் அட்வைசர். இரண்டு சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டினேன், வெட்கமில்லாமல். "புதுசா தார் போட்ட ரோட்டில் போனால் அந்த ஊம் சத்தம் நன்றாகக் குறைகிறது" என்பதையும் சொன்னேன். தலையாட்டினார், டேப்லெட்டில் ஏதோ தட்டினார். பிறகு ஜாப் கார்டைப் பார்த்தபோது அதில் இருந்தது "பிரேக் நாய்ஸ்" என்ற இரண்டே வார்த்தை. வண்டியை யாரும் ஒரு தெரு தள்ளிக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே ஏற்றினார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஓடும்போது மட்டும் வருகிற சத்தத்தை நிற்கிற வண்டியில் எப்படிக் கேட்பார்கள்?

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையுறை போட்டிருந்தார். ஒரு டிஷ்யூ பேப்பரை மேசையில் விரித்து, அதன்மேல் ஒரு பிரேக் பேடை வைத்தார். பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்பு வட்டை அழுத்திப் பிடிப்பது இந்தப் பேட்தான். உரசுகிற பகுதி சுத்தமாகத் தேய்ந்து, இரும்புத் தட்டு மட்டும் பளபளவென்று தெரிந்தது.

"உங்க வண்டியில இருந்ததுதான் மேடம். இரும்போட இரும்பு. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தீங்கன்னா..."

முடிக்கவில்லை. கொஞ்சம் விட்டு, ரொம்ப மெதுவான குரலில், "குழந்தைங்கள இதுலதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். மனிதர் அக்கறையோடு கேட்கிறார் என்று நினைத்தேன். தினமும் காலையில் இரண்டு பேரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இந்த வண்டியில்தானே போகிறோம் என்று வயிறு கலங்கிவிட்டது. தம்பிக்கு அனுப்பலாம் என்று அந்தப் பேடைப் போட்டோ எடுத்தேன். நல்லவேளை எடுத்தேன். "டிஸ்க்கும் கீறிப் போச்சு, ரெண்டையும் மாத்தணும். முன்பக்க வீல் பேரிங் ரெண்டும் போயிடுச்சு, அதான் அந்த ஊம் சத்தம்" என்றார். பேரிங் என்றால் சக்கரம் தடையில்லாமல் சுழல அதன் நடுவில் இருக்கும் பாகம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "சரி, செஞ்சிடுங்க" என்றேன்.

பில் எட்டு வரி. பேட், டிஸ்க் இரண்டு, பேரிங் இரண்டு, பிரேக் ஆயில், பிரேக் கிளீனிங், லேபர், அப்புறம் இதர பொருட்கள் என்று ஒன்று (அது என்ன பொருள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை). கடைசியில் கருணையாக ஒரு வரி: டயர் ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது), இலவசம். மொத்தம் என் அரை மாதச் சம்பளம். மிகைப்படுத்தவில்லை, சரியாக அரை மாதச் சம்பளம்.

சாயந்திரம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 40 தாண்டியதும் "ஊம்ம்ம்". அதே சத்தம், ஆனால் இப்போது பின்னாலிருந்து. "ஸ்ர்ங்" சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

உடனே போன் செய்தேன். "புது பேட் மேடம், செட் ஆகணும். ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா போயிடும்." புதுப் பேட் டிஸ்க்கோடு படிய நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தம் பிரேக் மிதிக்கும்போது வரும், பிரேக்கைத் தொடாமல் 80-ல் போகும்போது பின்சக்கரத்திலிருந்து வராது. இது இப்போது தெரிகிறது. அன்று "ஓ, அப்படியா" என்று வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி போன். "வண்டி பழசு மேடம், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்." அதைப் பில் போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே?

நேரில் போனேன். அட்வைசர் லீவு. மேனேஜர் மீட்டிங்கில். ஒரு மணி பத்து நிமிடம் அந்தக் காபி மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வேறொரு பையன் வந்து, "வீட்ல சார் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க மேடம், டெக்னிக்கலா இருக்கும்" என்றான். அந்தப் பில்லைக் கட்டியது எந்த சார் என்று கேட்டேன். சிரித்தான். பிறகு வண்டியை ஐந்து நிமிடம் உள்ளே வைத்துவிட்டு வந்து, "சத்தம் பின்னாடி வருது, பின் பேரிங்கும் போயிருக்கு" என்று ஒரு புது எஸ்டிமேட் நீட்டினான்! உண்மையைச் சொல்கிறேன், அதற்கும் சரி என்று சொல்ல இருந்தேன். கையில் காசில்லாததால் மட்டும் தப்பித்தேன்.

கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டூல். அவர் முதலில் செய்தது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை ஓட்டியதுதான். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, காலியான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக இடதுபக்கமும் வலதுபக்கமும் வளைத்து வளைத்துப் பார்த்தார். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேரிங் போயிருந்தால் ஒரு பக்கம் வளைக்கும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தில் பாரம் ஏறி அங்கே சத்தம் கூடுமாம். "பேரிங்கா இருந்தா எந்த ரோட்லயும் இதே பாட்டுத்தான் பாடும்மா. ரோடு மாறினா இது மாறுதா?" என்றார். நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய்ச் சொன்ன அதே விஷயம்.

கொட்டகைக்குத் திரும்பியதும் பின் டயர்மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். "நீ வெச்சுப் பாரும்மா" என்றார். டயரின் பட்டையில் குறுக்காக, உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுவென்று போனது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலில் தட்டியது. ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு ஓரம் தேய்ந்து மறு ஓரம் கூராக நின்றது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டு ரொம்ப நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

"முன்னாடி இந்தச் சத்தம் முன்பக்கம் வந்துச்சா?"

"ஆமாங்க."

"டயரை மாத்திப் போட்டாங்களா?"

பில்லை எடுத்து அந்த இலவச வரியைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர்களுடைய இலவச சேவைதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. டயர் போன இடத்துக்குச் சத்தமும் போயிருக்கிறது.

அடுத்து "ஸ்ர்ங்". முன்சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்குக்குப் பின்னால் தூசி படாமல் ஒரு மெல்லிய தகரத் தட்டு இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். சட்டைப் பொத்தான் அளவு ஒரு ஜல்லிக்கல் "டக்" என்று கீழே விழுந்தது. சத்தம் போயே போய்விட்டது.

நான் சந்தோஷப்பட்டேன். அவர்தான் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "டிஸ்க்கை மாத்தினதா பில் போட்டிருக்கு. டிஸ்க்கைக் கழட்டியிருந்தா இந்தக் கல்லு அன்னிக்கே விழுந்திருக்குமே?"

டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளி விளிம்பில் வரப்பு மாதிரி மேடு கட்டி, அதில் பழைய துரு. மாற்றி பத்து நாள்கூட ஆகாத டிஸ்க்கில் அந்த வரப்பு வராது. பேரிங்? இந்த வண்டியில் அதை மாற்ற நடுவில் இருக்கும் பெரிய ஆக்சில் நட்டைக் கழற்றியாக வேண்டும். நட் கழன்றுவிடாமல் அதன் விளிம்பை உளியால் தட்டி மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பு இரண்டு பக்கமும் அப்படியே துருவோடு இருந்தது, பல வருடமாக யாரும் தொட்டதில்லை. பேட் மட்டும் புதுசு. அதற்கும் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது உன் வண்டிப் பேடே இல்லம்மா, காது வேற மாதிரி இருக்கு பாரு" என்றார். காது என்றால் பேடின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு காலிப்பரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) உட்காரும் பகுதி. "இப்படித் தேஞ்சிருந்தா மிதிக்கிறப்ப எல்லாம் கரகரன்னு அரைச்சிருக்குமே, அரைச்சுதா?" ஒருநாளும் அரைத்ததில்லை.

மேசையில் டிஷ்யூ பேப்பர் விரித்துக் காட்டினது யாருடைய பேடோ. எத்தனை பேருக்கு அதே பேடைக் காட்டியிருப்பார்களோ.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு நேற்று போனேன். இந்த முறை மேனேஜர் இருந்தார். முதல் போட்டோவைப் பார்த்ததுமே, "வெளியில கழட்டிட்டீங்களா? அப்ப எங்க வாரண்டி கிடையாது மேடம்" என்றார். மாற்றிய பழைய டிஸ்க்கும் பேரிங்கும் எங்கே என்று கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம். அனுப்பிய மெசேஜ்களுக்கு இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெசேஜ் வந்தது, ஆவலாகத் திறந்தேன்: "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அரை மாதச் சம்பளம். ஒரு கல்லும் தேய்ந்த டயரும்.

எந்தச் சத்தத்துக்கு என்ன காரணம் என்று விளக்கமாக எழுதுவதாகத்தான் இருந்தேன், பெரியவர் நிறையச் சொன்னார். கோபத்தில் பாதி மறந்துவிட்டது, நினைவில் இருப்பதை மட்டும் போடுகிறேன். ஓட்டிப் பார்க்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள், நீங்களும் கூட உட்கார்ந்து போங்கள். பேட் தேய்ந்து கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் பட்டு "கீச்" என்று கத்தும், எல்லா வண்டியிலும் அந்தத் தகடு இருக்காது. மழைக்கு மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் உரசினால் அது துரு, விடுங்கள். ஆனால் மிதிக்கும்போது கரகர என்று இரும்பு அரைத்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்து, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது "டக் டக்" என்றால் ஆக்சில் ஜாயிண்ட். டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள், குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பழைய பாகம் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள், எனக்கு இரண்டு நட் லூஸாக இருந்தது. இதையும் பெரியவர்தான் கண்டுபிடித்தார்.

அவர் வாங்கிய கூலி அந்த பில்லின் இதர பொருட்கள் வரியில் பாதிகூட இல்லை. அலைன்மென்ட் பார்த்தாயிற்று. டயர்தான் மாற்ற வேண்டும், சம்பளம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். இன்று காலையிலும் "ஊம்ம்ம்" என்றுதான் போனோம். பின்சீட்டில் சின்னது கூடவே "ஊம்ம்ம்" என்று பாடிக்கொண்டு வந்தது.