மார்கழியில் பாஸ், கத்திரியில் ஃபெயில்: ஆறு வருட ஓவர்கிளாக் அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாப்ள, ரேம் விக்கிற விலைக்குப் புதுசு வாங்க முடியாது போல. உன்னைய மாதிரி ஓவர்கிளாக் பண்ணிட்டா சமாளிச்சிரலாமா?" ஓவர்கிளாக் என்றால் பிராசஸரையோ ரேமையோ கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. முடியாது என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். டைப் செய்தும் விட்டேன். அப்புறம் அழித்தேன். ஆறு வருடமாக எனக்கும் என் மெஷினுக்கும் நடக்கிற வாய்க்கால் தகராறு ஒரு வார்த்தையில் அடங்காது.

மெஷின் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ரைசன் 5 3600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. டிடிஆர்4 ரகம், வேகம் 3200, சிஎல்16 (கேட்ட தகவலைத் தருமுன் ரேம் எடுத்துக்கொள்ளும் சுற்றுகளின் எண்ணிக்கை). 2020 பிப்ரவரியில் வாங்கினேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது தொழில். மதுரையில் மொட்டை மாடியில் ஒற்றை அறை, ஏசி கிடையாது. இந்தக் கடைசித் தகவலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிராசஸர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. 1998-இல் வந்த செலரான் 300ஏ பிராசஸர் காலம் வேறு. பிராசஸரையும் போர்டையும் இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். காசு கொடுக்காமல் ஒன்றரை மடங்கு! இன்று கம்பெனிக்காரனே கரும்பைப் பிழிந்து சாற்றை எடுத்துவிட்டுத்தான் சக்கையை நம் கையில் கொடுக்கிறான். 3600-க்கு அடிப்படை வேகம் 3.6 ஜிகாஹெர்ட்ஸ், சூடும் கரண்டும் இடம் கொடுத்தால் 4.2 வரை தானே ஏறிக்கொள்ளும். நான் ஆறு கோர்களையும் 1.3 வோல்ட்டில் 4.2-லேயே கட்டிப்போட்டேன். வேகம் அளக்கும் சினிபெஞ்ச் ஆர்20-இல் 3,610 மதிப்பெண் இருந்தது 3,790 ஆனது. ஐந்து சதவீதம். அதற்காகக் கூடவே வந்த கூலரைக் கழற்றிவிட்டு டவர் கூலர் வாங்கினேன். அப்படியும் பிராசஸரை முழுச் சுமையில் ஓட்டும் பிரைம்95 போட்டால் 90 டிகிரியைத் தொட்டது. வோல்ட்டேஜைக் கூட்டினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும்; 1.2-ஐ 1.3 ஆக்கினாலே அதற்கு மட்டும் 17 சதவீதம் போய்விடும். அறைக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி ஃபேன் சத்தம். இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆட்டோவில் போட்டேன். இன்றுவரை தொடவில்லை.

ரேம் அப்படி இல்லை. ரேமில் நிஜமாகவே சரக்கு இருக்கிறது, அதுதான் வம்பே.

என் ரைசன் 3600-இல் கோர்கள் ஒரு சில்லில், ரேமோடு பேசுகிற மெமரி கன்ட்ரோலர் இன்னொரு சில்லில். இரண்டுக்கும் நடுவே ஓடுவது இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்கிற பாலம். இந்தப் பாலத்தின் தாளமும் ரேமின் தாளமும் ஒன்றாக இருந்தால் காத்திருப்பு குறையும். ரேம் 3600 என்றால் அதன் நிஜ கிளாக் 1800. பாலமும் 1800-இல் ஓடும். ரைசன் 3600 பிராசஸர்கள் பலவற்றுக்கு அதுதான் எல்லை. நான் பேராசையில் 1867 முயன்றேன். விண்டோஸ் ஈவென்ட் லாகில் வீயா எனப்படும் ஹார்டுவேர் பிழைகள் வரிசைகட்டின, ஹெட்போனில் சோளம் பொரிகிற சத்தம் வந்தது. மரியாதையாக 1800-க்குத் திரும்பினேன்.

பெட்டியில் போட்டிருக்கிற சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் வரும். போர்டில் செருகி அப்படியே விட்டபோது என் ரேம் ஓடியது 2666, சிஎல்19. அதாவது 14 நானோசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்துக்கு ரேமைக் கொண்டுவரும் செட்டிங்கை, ஆன் செய்தால் 3200, சிஎல்16, சரியாக 10. நான் உட்கார்ந்து உட்கார்ந்து கொண்டுவந்தது 3600, சிஎல்16, 8.9. கேமராவின் பதப்படுத்தாத நானூறு ரா ஃபைல்களை ஜேபெக் ஆக்கி எடுக்க முதலில் 13 நிமிடம், எக்ஸ்எம்பியில் 11 நிமிடம் 40 நொடி, என் செட்டிங்கில் 11 நிமிடம் 5 நொடி. எக்ஸ்எம்பிக்கு மேல் கிடைத்தது 35 நொடி. மிச்சமான நொடியில் டீகூட ஆறாது. ஆனால் ஒரு போட்டோவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது அந்த மெல்லிய இழுவை இல்லாமல் போனது கைக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் போட்டோ தாவுகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. மனப்பிரமை என்பார்கள். இருக்கட்டும்.

இதைச் சாதிக்க மூன்று வாரம் ஆனது. ரேமுக்குள் இருப்பது மைக்ரான் இ-டை என்று மென்பொருள் காட்டியது. அந்தச் சில்லுக்குச் சுமாரான வோல்ட்டேஜிலேயே நன்றாக ஏறும் என்று பெயர். 1.38 வோல்ட் கொடுத்தேன். டைமிங் எனப்படும் காத்திருப்பு எண்களை ஒவ்வொன்றாக ஒரு படி குறைப்பது, டெஸ்ட் ஓட்டுவது, பாஸானால் நோட்டில் டிக் அடிப்பது. ஒத்துவராத எண்ணைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். அப்போது கேபினெட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் சிமாஸ் ஜம்பரின் இரண்டு பின்னையும் சேர்த்துத் தொட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. கேபினெட்டின் பக்கக் கதவை மாட்டுவதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். "எத்தனை தடவைதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க? ஒரேயடியா தூக்கிப் போடுங்க" என்று வீட்டில் திட்டு. கடைசியில் மார்கழி மாதம் ஒரு ராத்திரி, ஜன்னலைத் திறந்துவைத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ விடிய விடிய ஓட்டினேன். நான்கு சுற்று, பூஜ்யம் பிழை. கோலம் போடுகிற நேரத்தில் படுக்கப் போனேன்.

எரிச்சல் அடுத்த நாளே ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் போர்டு ரேமோடு சமிக்ஞை பேசிச் சரிபார்த்துக்கொள்ளும், டிரெயினிங் என்பார்கள். மெஷின் சூடாக இருக்கையில் ரீஸ்டார்ட் செய்தால் கப்சிப் என்று ஏறிவிடும். ராத்திரி முழுக்க அணைத்துவைத்துக் காலையில் போட்டால், ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும், மூன்றாம் முறை சுற்றி "எஃப்1 அழுத்து" என்று சொல்லி 2666-க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தினமும் இல்லை. தினமும் என்றால் சரிசெய்திருப்பேன். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நாளைக்கு ஒரு நாள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுத்தால் அன்று சாயங்காலம் நிச்சயம். கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் நிச்சயம். சேமித்துவைத்த செட்டிங்கைக் கூப்பிட்டு மறுபடி போட இரண்டு நிமிடம் ஆகும். கணக்குப் பார்த்தால், மிச்சம் பிடித்த 35 நொடிகளையெல்லாம் அங்கே கட்டிவிட்டேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்த மே மாதம் நடந்தது.

ஒரு கல்யாண ஆல்பம், எல்லா ஷீட்டையும் அனுப்பியாகிவிட்டது. பிரிண்ட் போடுகிற லேபிலிருந்து போன். "அண்ணே, பதினேழாவது ஷீட்டை ஒரு தடவை பாருங்க. பொண்ணு சேலை கலர் பாதிக்குக் கீழ மாறுது." திறந்து பார்த்தேன். தாலி கட்டுகிற படம். மணப்பெண்ணின் முழங்கை வரை அரக்குப் பட்டு. ஒரு நேர்கோடு போட்ட மாதிரி அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் கலந்த பச்சை. ஐயரின் வேட்டிகூடப் பச்சை. படமும் அந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. முதலில் ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து வயிறு கலங்கியது.

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கேமரா கார்டில் இருந்த அசலையும் டிஸ்கில் இருந்த நகலையும் ஹாஷ் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டு ஒப்பிட்டேன். 1,100 படங்களில் மூன்று ஒத்துப்போகவில்லை. காப்பி செய்யும்போது ஃபைல் ரேம் வழியாகத்தான் போகிறது. வழியில் எங்கோ ஒரு பிட், பூஜ்யம் ஒன்றாகவோ ஒன்று பூஜ்யமாகவோ புரண்டிருக்கிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டை நம்பி நிற்பதால் ஒரு பிட் தப்பினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தடம் புரளும். விண்டோஸ் நின்றதா? இல்லை. நீலத் திரை வந்ததா? அதுவும் இல்லை. ஹேங் ஆகியிருந்தால் அந்த மெஷினைக் கும்பிட்டிருப்பேன். சத்தமே போடாமல் வேலையைக் கெடுத்துவைத்திருந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

அன்று மதியம் அறைக்குள் 38 டிகிரி. மெம்டெஸ்ட்டை மறுபடி ஓட்டினேன், பாஸ்! தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. பென்டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு வேலை செய்வதில்லை, அதனால் கேபினெட்டுக்குள் சூடு ஏறுவதில்லை. நிஜ வேலையில் கிராபிக்ஸ் கார்டு கக்கும் அனல் முழுக்க ரேம் மேல்தான் போகிறது. கேபினெட்டை மூடி, கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமை கொடுத்துக்கொண்டே விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்கிற ரேம் சோதனையை ஓட்டினேன். பதினைந்தாவது நிமிடத்தில் முதல் பிழை விழுந்தது.

காரணம் நானே இறுக்கிய ஒரு எண். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கி. ஓட்டைப் பானை மாதிரி சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். நிரப்புவதற்கு ஒதுக்கும் நேரத்துக்கு டிஆர்எஃப்சி என்று பெயர். 8 ஜிகாபிட் சில்லுக்குத் தரநிலை சொல்வது 350 நானோசெகண்ட். 3600 வேகத்தில் 630 கிளாக் சுற்று. நான் மார்கழிக் குளிரில் அதை 520-க்கு இறக்கியிருந்தேன், அதாவது 289 நானோசெகண்ட். நோட்டில் அதன் பக்கத்தில் இரண்டு டிக் வேறு. 580-க்கு ஏற்றியதும் அதே அனலில் மூன்று மணி நேரம் பிழையே இல்லாமல் ஓடியது. ஏற்றியதால் எக்ஸ்போர்ட்டில் எத்தனை நொடி கூடியது என்று பார்த்தேன். ஒன்றுமே கூடவில்லை. ஒரு நொடிகூடத் தராத எண்ணுக்காக ஒரு பெண்ணின் கூறைச்சேலையைப் பச்சையாக்கியிருக்கிறேன்.

லேப்காரர் அச்சுக்கு முன்னால் பார்த்ததால் தப்பித்தேன். மிச்ச இரண்டு படமும் ஆல்பத்தில் சேராதவை. அதற்கு முன்னால் நாலைந்து மாதம் இதே செட்டிங்கில் காப்பி செய்த படங்கள் எத்தனையோ. அந்தக் கார்டுகளையெல்லாம் அழித்துவிட்டேன், ஒப்பிட அசல் இல்லை. இன்றும் யாராவது பழைய ஆல்பம் பற்றிப் பேச போன் செய்தால் எடுப்பதற்குள் ஒரு படபடப்பு.

சரி, நண்பனுக்கு வருவோம். அவனுக்கு நான் முதலில் சொன்னது, வேகம் வேறு, இடம் வேறு. அவனுக்கு 8 ஜிபி போதவில்லை, குரோமும் போட்டோஷாப்பும் சேர்ந்து திறந்தால் டிஸ்க் லைட் அணையாமல் எரிகிறது. ரேம் நிரம்பி வழிந்து டிஸ்குக்குப் போகிற மெஷினில் ரேமை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. சின்ன சட்டையை இஸ்திரி போட்டால் பெரிதாகிவிடாது. விலை என்னதான் கொதித்தாலும் அவனுக்கு வேண்டியது இன்னொரு ரேம்தான், பழையதாவது தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வேகம் என்ற இடத்தில் 2133. பெட்டியில் 3200 என்று போட்ட ரேமை அவன் மூன்று வருடமாக 2133-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறான்! அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவே இல்லை. பயாஸுக்குள் போய் ஒரே ஒரு இடத்தைத் தட்டினால் போதும். ஓவர்கிளாக் என்று சொல்லத்தக்க ஓவர்கிளாக்கில் எல்லோருக்கும் நான் கைகாட்டுவது இதை மட்டும்தான். இதையும்கூட பிராசஸர் கம்பெனி உத்தரவாதத்துக்கு வெளியேதான் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

அதற்கு மேல் வேண்டாம். காசு வாங்கி வேலை செய்கிற மெஷினில் வேண்டவே வேண்டாம். நானும் போன தீபாவளிக்கு எக்ஸ்எம்பிக்கே திரும்பி வந்துவிட்டேன். காலையில் பட்டனை அழுத்தினால் முதல் முறையே திரை வருகிறது, கரண்ட் போய் வந்தாலும் வருகிறது. போட்டோ தாவும்போது அந்தப் பழைய இழுவையும் வருகிறது. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது மார்கழி வேறு முடிந்து தை பிறந்தும் குளிர் விடவில்லை, அறையில் 25 டிகிரி. சேமித்த செட்டிங் இன்னும் பயாஸில் இரண்டாம் இடத்தில் அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது: "எல்லாம் சரி மாப்ள, அந்த நோட்டுல எழுதி வச்சிருக்கியே, அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்." உன் ரேம் வேறு, என் ரேம் வேறு, என் எண்கள் உனக்குப் பொருந்தாது என்று நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அப்புறம் போட்டோவையும் அனுப்பிவிட்டேன். 520-ஐ மட்டும் பேனாவால் அடித்துவிட்டு.